உடல் கற்கும் முதற்பாடம்

தீக்காயத்தால் தோலை இழந்த ஒருவருக்கு, அவருடைய உடலின் வேறொரு பகுதியிலிருந்து தோலை எடுத்து ஒட்டினால் அது நிலைத்து வளரும். பிறருடைய தோலை ஒட்டினாலோ, தொடக்கத்தில் பொருந்தியதுபோலத் தோன்றிச் சில நாள்களில் அழிந்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தீக்காயமுற்றோரைக் காக்க முயன்ற மருத்துவர்கள் எதிர்கொண்ட பெருந்தடை இதுவே.

இதன் காரணத்தை ஆராய முற்பட்டார் விலங்கியல் அறிஞர் பீட்டர் மெடவார். அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் இணைந்து கிளாஸ்கோவில் அவர் நிகழ்த்திய ஆய்வு 1943இல் வெளிவந்தது. ஒரே கொடையாளரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது, அது முன்னதைவிட விரைவாக அழிந்தது. அயல்தோலை உடல் நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் தடுப்பாற்றலே அயல்திசுவையும் அழிக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

இரட்டைக் கன்றுகள் தந்த குறிப்பு

அமெரிக்க அறிவியலாளர் ரே ஓவன் 1945இல் ஒரு வியப்பை வெளியிட்டார். வெவ்வேறு கருமுட்டைகளிலிருந்து தோன்றிய இரட்டைக் கன்றுகள், வளர்ந்த பின்னும் ஒன்றன் குருதியணுக்களை மற்றொன்று தாங்கியிருந்தன. தாய் வயிற்றில் அவற்றின் குருதிக்குழாய்கள் இணைந்திருந்ததே காரணம். ‘தனது’ எது என்பதை உடல் கருப்பருவத்திலேயே கற்கிறது என்னும் கருத்தை, ஆஸ்திரேலிய அறிஞர் மெக்பார்லேன் பர்னெட் 1949இல் முன்வைத்தார்.

கருவில் கற்ற பாடம்

இக்கருத்தை மெடவாரும் ரூபர்ட் பில்லிங்காம், லெஸ்லி பிரெண்ட் ஆகியோரும் எலிகளிடம் சோதித்து, 1953இல் முடிவை வெளியிட்டனர். பழுப்பு எலியின் கருக்குட்டிகளுக்குள் வெள்ளை எலியின் உயிரணுக்களைச் செலுத்தினர். ஓர் ஆய்வில் பிறந்த ஐந்து குட்டிகளுக்கு, எட்டு வாரம் கழித்து வெள்ளை எலியின் தோலை ஒட்டினர். அவற்றுள் மூன்று குட்டிகள் அத்தோலைத் தம் தோலாகவே ஏற்றன. இவ்வாறு ஏற்ற எலிகளும் வேறொரு குடிவழி எலியின் தோலை ஏற்கவில்லை. ஆகவே அவற்றின் தடுப்பாற்றல் குன்றவில்லை; கருவில் அறிமுகமானதை மட்டுமே அது பகையாகக் கருதவில்லை. இதனைச் ‘சகிப்புத்தன்மை’ என்பர்.

அயல்தோலை எதிர்க்கப் பழகிய பழுப்பு எலிகளின் நிணநீர்க்கணு அணுக்களைச் செலுத்தியதும், நெடுநாள் நிலைத்திருந்த ஒட்டுத்தோல் அழிந்தது. எனவே, மாறியது ஒட்டுத்தோல் அன்று, ஏற்ற உடலே என்பது உறுதியாயிற்று. பிறந்த உடனே அயலணுக்களைச் செலுத்தினாலும் எலிகளிடம் இவ்விளைவு கிட்டும். காலம் தாழ்த்தினால் பொதுவாக எதிர்ப்பே தோன்றும்.

இன்றைய தேவை

பர்னெட்டும் மெடவாரும் 1960இல் நோபல் பரிசு பெற்றனர். மெடவார் தம் பரிசுத்தொகையைப் பில்லிங்காமுக்கும் பிரெண்டுக்கும் பகிர்ந்தளித்தார்.

இவ்வழியை மனிதருக்கு அப்படியே கையாள இயலாது. யாருடைய உறுப்பு பின்னாளில் தேவைப்படும் என்பதைப் பிறக்கும் முன்னரே அறிவார் எவருமிலர். இன்று மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்கின்றனர். அம்மருந்துகள் புதிய உறுப்பைக் காக்கின்றன. ஆயினும் நோய்க்கிருமிகளுக்கு எதிரான காவலையும் தளர்த்துகின்றன. கிருமிகளைத் தாக்கும் ஆற்றல் குன்றாமல், கொடையாக வந்த உறுப்பை மட்டும் ஏற்குமாறு வளர்ந்த உடலுக்குக் கற்பிக்க இயலுமா என்பதே இன்றைய ஆய்வாளர்களின் தேடல். அது முடியும் என்னும் நம்பிக்கைக்கு வித்திட்டவை அந்த மூன்று எலிக்குட்டிகளே.