விளக்கில்லாத டிரெய்லரும் சாலையில் காயும் தானியமும்

தை மாதத்து மாலை, மணி ஏழு. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் டயர் பஞ்சராகிச் சாலையோரம் நிற்கிறது. பின்பக்கம் விளக்கு இல்லை. ஒட்டியிருந்த ஒளிரும் பட்டையையும் தொங்கும் தோகை மறைத்துவிட்டது. ஓட்டுநர் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்துவிட்டு, பஞ்சர் கடைக்காரரை அழைத்துவரப் போயிருக்கிறார். சங்கத்தில் பாலை ஊற்றிவிட்டு பைக்கில் வீடு திரும்புகிறவருக்கும் அதுதான் வழி.

கிராமத்துச் சாலை விபத்துகளில் பல இப்படி நடப்பவைதான். மோதுகிறவரும் விவசாயி, நிற்பதும் விவசாயியின் வண்டி.

நிற்க எவ்வளவு தூரம்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடி ஆகிறது. அதன்பிறகு காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். எதிர்வண்டி விளக்கு கண்ணில் அடிக்கும்போது, இருட்டில் நிற்கும் டிரெய்லர் அவ்வளவு தூரத்தில் தெரியாது. வேகம் 40 ஆக இருந்தால் மொத்தம் 20 மீட்டரில் நிறுத்திவிடலாம். இரவில் வேகத்தைக் குறைப்பது உயிர்க்காப்பு.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

* டிரெய்லரின் பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். சுமை ஏற்றிய பின் அது மறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.
* வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் சாலையில் ஏறும் முன் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி இழுத்துக் கவிழ்ந்துவிடும்.
* இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். சுமை தள்ளும்போது பிரேக் மட்டும் தாங்காது.
* மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்ற வேண்டாம். விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பதும் சிக்கலாகிவிடும்.
* சேற்றுழவு முடித்த வண்டியைக் கழுவிவிட்டுச் சாலையில் ஏற்றுங்கள். தாரில் விழும் சேறு மழைத்தூறலில் வழுக்கும்.

சாலை களமல்ல

களம் இல்லாத ஊரில் அறுத்த தானியத்தை எங்கே காயவைப்பது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சோளமும் கேழ்வரகும் சக்கரத்தின் கீழ் உருளும்; பைக் சறுக்கும். கொள்ளுக்கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தானியத்தை அள்ளிய பின்னும், சுற்றி வைத்த கற்கள் இரவு முழுக்க அங்கேயே கிடக்கின்றன. ஜனவரி 26 கிராம சபையில் உலர்களம் கேட்டுத் தீர்மானம் போடலாம். அதுவரை வீட்டு வாசலிலோ, அறுவடை முடிந்த வயலிலோ தார்ப்பாய் விரித்துக் காயவைக்கலாம்.

வீட்டில் பேசவேண்டியவை

கடைத்தெரு வரைதானே என்று தலைக்கவசத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பின்னால் உட்காருபவருக்கும் அது வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

அடிபட்டவரைக் கண்டால்

உடனே 108-ஐ அழையுங்கள். உதவுகிறவரைப் பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம்.

அந்த டிரெய்லர் ஓட்டுநர் செய்திருக்க வேண்டியது அதிகமில்லை. பட்டையை மறைத்த தோகையை அறுத்துவிட்டு, நாற்பது ஐம்பது மீட்டர் பின்னால் பச்சைக் கிளைகளைப் போட்டு, டார்ச்சுடன் ஓர் ஆளை நிறுத்தியிருக்கலாம். பஞ்சர் ஒட்டிக் கிளம்பும்போது, கிளைகளையும் அண்டை கொடுத்த கல்லையும் மறக்காமல் ஓரம் தள்ளவேண்டும். அடுத்த பைக்கில் வருகிறவர் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.