பழைய ஸ்கூட்டரின் தகடுகள்: அசலும் நகலும்

புனே நகரம் ஸ்கூட்டரால் பெயர் பெற்ற ஊர். 1959-ஆம் ஆண்டில் இந்திய அரசின் உரிமம் பெற்ற பஜாஜ் கம்பெனி, இத்தாலி நாட்டுப் பியாஜியோ நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் வெஸ்பா ஸ்கூட்டரை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. புனேயை அடுத்த ஆக்குர்டியில் அதன் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1971-இல் அந்த ஒத்துழைப்பு முடிந்தது. அடுத்த ஆண்டே ராணா பிரதாபரின் குதிரைப் பெயரைத் தாங்கிச் 'சேதக்' வெளிவந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல. புறப்படுமுன் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தும் தந்தையாரைக் காணாது வளர்ந்தவர் நம்மில் சிலரே. 2009-இல் ஸ்கூட்டர் உற்பத்தியையே கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. இன்று சேதக் என்று விற்பது மின்சார வண்டி. அதற்கும் நாம் பேசப்போகும் வண்டிக்கும் பெயர் ஒன்றே பொது.

பழைய வண்டிகளுக்கு இப்போது மீண்டும் மதிப்பு ஏறியிருக்கிறது. ஊரில் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் தந்தையின் வண்டியைப் புனேக்குக் கொணர்ந்து புதுப்பிக்க விரும்பும் தமிழ் அன்பர்கள் உண்டு. இங்கேயே ஒன்றை வாங்க எண்ணுவோரும் உண்டு. நானா பேட்டை உதிரிப்பாகக் கடைகளில் நகல் தகடுகள் புத்தம் புதியனவாகக் கிடைக்கும். புதன், ஞாயிறு நாட்களில் கூடும் ஜூனா பஜாரில் பழைய சாமான்களைத் தேடலாம். எது அசல், எது நகல் என்று அறியாமல் இவ்விடங்களில் காலடி வைப்பது பணத்துக்குக் கேடு. சில வேளை உயிருக்கும் கேடு.

உயிருக்கு எப்படி என்று கேட்கலாம். லாம்பிரெட்டா ஸ்கூட்டரில் எலும்புக்கூடு போன்று ஒரு குழாய்ச் சட்டம் உண்டு. தகடுகள் அதன் மேல் போர்த்தியவை. வெஸ்பாவிலும் அதன் வழி வந்த பஜாஜ் வண்டிகளிலும் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. விமானப் பொறியாளராக இருந்த கொராடினோ தஸ்கானியோ, அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளையே ஒன்றோடொன்று இணைத்து உடலாகவும் எலும்பாகவும் ஆக்கிவிட்டார். ஆகவே முன்தகடு, கால் வைக்கும் தளம், இருக்கையின் கீழுள்ள பின்னுடல் ஆகியவையே நம் எடையைச் சுமக்கின்றன. கழற்றி மாட்டக் கூடியவை சிலவே: என்ஜினை மூடும் 'பானெட்', மறுபுறத்து 'டிக்கி', முன் மட்கார்டு, கைப்பிடியின் மேல்மூடி முதலியன. இவற்றில் நகல் இருப்பின் நஷ்டம் காசோடு போகும். உடலில் நகல் இருப்பின் அதை ஒட்டியவர் கைத்திறனை நம்பியே நாம் நெடுஞ்சாலையில் செல்கிறோம்.

கழற்றக் கூடியவற்றை முதலில் பார்ப்போம். பலரும் காந்தத்தோடு புறப்படுகின்றனர். காந்தம் நல்ல கருவிதான்; அது ஒட்டாத இடத்தில் தடித்த பட்டியோ கண்ணாடி இழையோ இருக்கிறது என்று கொள்ளலாம். ஆயினும் நகலும் இரும்பே ஆனால் அதிலும் காந்தம் ஒட்டும். ஆதலின் பாகத்தைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். அசலில் விளிம்பு ஒரே சீராக உள்மடிந்திருக்கும். நகலில் பெரும்பாலும் அது கூர்மையாகக் கையைக் கீறும். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய தகடு உள்ளே போய் மீளும். மாட்டிப் பார்க்கும்போது உடலுக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள சந்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருந்தால், உடல் கோணியிருக்க வேண்டும் அல்லது பானெட் நகலாக இருக்க வேண்டும். பெயர்ப் பட்டைக்கான துளைகளையும் கவனிக்க. வேறு மாடலுக்கான துளை வீணே கிடந்தால் அந்தப் பாகம் அவ்வண்டியோடு பிறந்ததன்று.

இடையில் ஒரு மூன்றாம் வகையும் உண்டு. கம்பெனியே உதிரிப்பாகமாக விற்ற தகடு, வண்டியோடு பிறந்ததும் அன்று, நகலும் அன்று. கடைக்காரர்கள் 'கம்பெனி', 'லோக்கல்' என்று பிரித்துச் சொல்வது இதனைக் கருதியே. என் எண்ணத்தில், நெளிந்த அசல் பானெட்டை நல்ல டிங்கரிடம் கொடுத்து நிமிர்த்துவது, பளபளக்கும் நகலை வாங்குவதினும் மேல். (நம் ஊரில் டிங்கரிங் என்பதை இங்கே 'டென்டிங்' என்று கேட்க வேண்டும்.) துருவால் அரிக்கப்பட்ட மட்கார்டுக்கு நகல் போடுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நகலை அசல் விலைக்கு விற்பதே குற்றம்.

இனி உடல். துரு முதலில் தாக்குவது கால் தளத்தை. அங்குள்ள ரப்பர்ப் பட்டைகளின் கீழ் மழைநீர் தங்குகிறது. அரித்த தளத்தை வெட்டி எறிந்து நகல் தளம் ஒட்டுவது வழக்கமான வேலை. அதை அறிய வண்டியைப் படுக்கவைத்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக இணைத்தனர். இதுவே ஸ்பாட் வெல்டிங். அதனால் ஓரம் நெடுகச் சிறு காசு போன்ற குழிகள் ஒழுங்கான இடைவெளியில் தெரியும். பட்டறையில் ஒட்டியதாயின் புழு ஊர்ந்தது போன்ற தொடர் தழும்பு இருக்கும், அல்லது அதை மறைக்கக் கனமான கறுப்புப் பூச்சு இருக்கும். பெட்ரோல் டாங்கைக் கழற்றி உள்ளே பழைய வண்ணம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வண்ணம் பூசுவோர் அங்கே கை வைப்பது அரிது.

வியட்நாமிலிருந்து மேனாடுகளுக்குப் 'புதுப்பித்த வெஸ்பா' என்று சென்ற வண்டிகளில், பல வண்டிகளின் துண்டுகளை ஒட்டிப் பட்டியால் மூடியவை நிறைய இருந்தன. பஜாஜ் உடலுக்கு இத்தாலியப் பெயர்ப் பட்டை சூட்டி விற்றதும் உண்டு. வெளித்தோற்றத்தில் அவை மாப்பிள்ளைக் கோலம்தான்.

சட்டமும் உடலையே நோக்குகிறது. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்த வண்டி அதற்குத் தகுதி பெறாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டலாகாது. அன்றாடம் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின் மகாராஷ்டிர எண் பெறுதல் கட்டாயம். அதற்கு முதலில் நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வண்டியை லாரியில் ஏற்றுமுன், உடலில் அடித்துள்ள சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எழுத்துக்கள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, சுற்றிலும் அரம் பட்ட தடமோ ஒட்டுத் தகடோ உண்டா என்பதையும் காண்க. எண் அடித்த பகுதி மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்திருந்தால் புனே அலுவலகத்தில் பதிவு நடவாது. வண்டி திருட்டுச் சொத்தோ என்ற விசாரணையும் தொடரலாம்.