சல்லடைக் கண்ணும் சுக்கு நாரும்

சுக்கை இடித்துச் சலித்தவர்களுக்குத் தெரியும். பொடி இறங்கிய பிறகு சல்லடையில் நார் பஞ்சுபோலச் சுருண்டு கிடக்கும். ஆனாலும் இறங்கிய பொடியை நாக்கில் வைத்தால் ஒன்றிரண்டு நார் தட்டுப்படும். சல்லடைக் கண்ணைவிட நீளமான நார் எப்படி இறங்கியது? ஊசிபோலச் செங்குத்தாக நின்று இறங்கியது. சல்லடை நீளத்தை அளப்பதில்லை, குறுக்களவைத்தான் பார்க்கிறது. அதனால் உருண்டையான மணலுக்குச் சொல்லும் கணக்கு இலைக்கும் வேருக்கும் அப்படியே பொருந்தாது.

கடையில் சல்லடை கேட்டால், "எத்தனை மெஷ்?" என்பார்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதே மெஷ். 100 மெஷ் என்றால் 100 கண்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; நூறால் வகுத்தால் 254 மைக்ரான் வரும். ஆனால் கண்ணின் அகலம் அவ்வளவு இல்லை. கம்பிக்கும் இடம் வேண்டுமே! தர அளவுப்படி 100 மெஷ் சல்லடையின் கண் 150 மைக்ரான்தான். மீதியைக் கம்பி எடுத்துக்கொள்கிறது. கம்பி மெலிந்தால் அதே 100 மெஷ்ஷில் கண் பெரிதாகும். 100 என்று எழுதிய இரண்டு சல்லடைகள் இரண்டு விதமான பொடியைத் தருவது இதனால்தான். ஆகவே, "கண் எத்தனை மைக்ரான்?" என்று கேட்டு வாங்குவதே சரி. தர அளவில் 60 மெஷ் 250 மைக்ரான், 80 மெஷ் 180 மைக்ரான், 200 மெஷ் 75 மைக்ரான். கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்.

ஆயுர்வேதச் சூரணங்களுக்குக் குறைந்தது 80 மெஷ் என்பது வழக்கிலுள்ள அளவு. சித்த மருத்துவத்தில் பொடியைத் துணியில் சலிக்கும் வேலைக்கு வஸ்திரகாயம் என்று பெயர். பானை வாயில் துணியை வேடு கட்டி, அதன்மேல் பொடியைத் தேய்த்து இறக்குவார்கள். அருமையான முறைதான். ஆனால் துணியின் கண் ஒரே அளவாக இராது. துவைக்கத் துவைக்க அது மாறிக்கொண்டே போகும். விற்பனைக்குப் பொடி செய்பவர் ஒவ்வொரு முறையும் ஒரே தரம் வேண்டுமென்றால் கம்பி வலைக்கு மாறத்தான் வேண்டும்.

அதற்காக எவ்வளவு நுண்ணிய கண்ணோ அவ்வளவு நல்லது என்று எண்ண வேண்டாம். துகள் சிறுத்துக்கொண்டே போனால் அதன் எடையைவிட ஒன்றையொன்று ஈர்க்கும் விசை ஓங்கிவிடும். பொடி கட்டி கட்டியாகத் திரண்டு வலைமேலேயே உருளும். மழைக்கால ஈரம் இதை இன்னும் மோசமாக்கும். ஏலம், கிராம்பு, சீரகம் போன்ற எண்ணெய்ச் சத்துள்ள சரக்குகள் நுண்ணிய வலையை விரைவில் அடைத்துவிடும். கண்ணின் அளவுக்கு மிக நெருங்கிய துகள்களும் ஆப்புப்போல இறுகி அடைக்கும். அப்போது கையால் அழுத்தித் தேய்ப்பவர்களே அதிகம். அழுத்தினால் கம்பி விலகும், நாரும் சேர்ந்து இறங்கும். முதலில் 40 மெஷ், பிறகு 80 மெஷ் என்று படிப்படியாகப் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைப் போட்டு, விளிம்பைத் தட்டிச் சலியுங்கள்.

வலை எதனால் ஆனது என்பதும் முக்கியம். கடுக்காயின் துவர்ப்புச் சத்து ஈரத்தில் இரும்பைத் தொட்டால் கறுத்துப்போகும். அந்தக் காலத்தில் இந்த வினையாலும் மை செய்தார்கள். துருப்பிடிக்காத எஃகு வலை இருந்தால் அந்தக் கவலை இல்லை. மருதாணிக்கு நைலான் வலையும் உதவும். ஆனால் வறண்ட நாளில் உராய்வினால் மின்னேற்றம் உண்டாகிப் பொடி வலையோடு ஒட்டிக்கொள்ளும். மருதாணிக் கூம்பின் முனை அடைபட்டால் இலை நரம்பு சரியாகச் சலிபடாமல் போயிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது கப்பி. சல்லடையில் தங்கும் இந்தக் கப்பியைச் சக்கை என்று கொட்டிவிடுகிறோம். சல்லடைக்கு மருந்து எது, சக்கை எது என்று தெரியாது. இடிபடாமல் மிஞ்சியது எது என்று மட்டுமே அது காட்டுகிறது. திரிபலாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சம எடை. மூன்றும் ஒரே மாதிரி இடிபடுவதில்லை. ஒன்றாகப் போட்டு அரைத்துச் சலித்துக் கப்பியை எறிந்தால், எது நன்றாக இடிபடவில்லையோ அது சூரணத்தில் குறைந்துபோகும். சம எடை என்ற விதி அங்கேயே உடைந்துவிடுகிறது.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக இடியுங்கள். கப்பியை மறுபடி மறுபடி இடித்து, முழுவதும் இறங்கும்வரை சலியுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ள மறக்காதீர்கள். சலித்து முடித்த பிறகே தராசில் வைத்து எடை போட்டுக் கலக்குங்கள்.