வாகனத்தின் மூக்கு

புத்தளத்தை அடுத்த தில்லையடியில் வாகனம் வைத்திருப்போர்க்கு ஓயாத பகையொன்றுண்டு, அஃது உப்பங்காற்று. களப்பையும் உப்பளங்களையும் தழுவி வரும் அக்காற்று இரும்பையும் செம்புக் கம்பியையும் மெல்ல அரிக்கும். 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பின், 2025 வரை பழைய கார்களையே பேணிக்கொள்ள நேர்ந்தது. அத்தகைய கார்களில் அடிக்கடி பழிக்கு ஆளாவது, புகைக்குழாயிற் பொருந்தியுள்ள ஒட்சிசன் உணர்கருவி.

1976இல் வொல்வோ கார்களில் முதன்முதல் இடம்பெற்ற இதனை வாகனத்தின் மூக்கு எனலாம். எடையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதே செவ்விய கலவை. பிளாற்றினம் பூசிய சிர்க்கோனியாப் பீங்கான், புகையில் எஞ்சும் ஒட்சிசனை முகர்ந்து எஞ்சினின் கணினிக்கு அறிவிக்கின்றது. ஒட்சிசன் குறைந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ற்றும், மிகுந்தால் 0.1 வோல்ற்றும் பிறக்கும். சுமார் 300 பாகை செல்சியசுக்குச் சூடேறிய பின்னரே இது செவ்வனே இயங்கும்.

வீட்டிற் சோதிப்பது எங்ஙனம்? வாகனம் திறந்த வெளியில் நிற்றல் வேண்டும். மூடிய கொட்டகையில் மணமற்ற காபனோரொட்சைட்டு உயிரைக் குடிக்கும். எஞ்சின் நன்கு சூடேறியதும், உணர்கருவியின் சைகைக் கம்பியில் டிஜிற்றல் மல்ரிமீற்றரை இணைத்து நோக்குக. முள் போன்று எண் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாது ஊசலாடினால் கருவி நலமே. புதிய வாகனங்கள் பலவற்றிலுள்ள காற்று-எரிபொருள் விகித உணர்கருவிக்கு இச்சோதனை பொருந்தாது.

எண் தாழ்ந்தே நின்றால் உடனே புதியது வாங்க விரைதல் கூடாது. உணர்கருவிக்கு முன்னுள்ள குழாய் மூட்டில் கறள் பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். அதன்வழி வெளிக்காற்று புகுமாயின், மூக்கு உண்மையையே உரைக்கும்; கணினியோ பெற்றோல் போதவில்லையென மயங்கி, மேலும் மேலும் ஊற்றும். புதிய கருவியும் அதனையே உரைக்கும், பணம் வீணாகும். ஆகவே மூட்டையும், பச்சை பூத்த கம்பி இணைப்பையும் முதலிற் பார்த்தல் அறிவுடைமை.

மாற்றியே தீரவேண்டுமெனின், எஞ்சினை நிறுத்தி, குழாய் இளஞ்சூடாக இருக்கையில் கறள் நீக்கும் எண்ணெய் தடவி, பெரும்பாலும் 22 மில்லிமீற்றர் ஸ்பானராற் கழற்றலாம். புதியதன் மரையில் இறுகாமற் காக்கும் பசையைச் சிறிது தடவுக. முனையில் அது படலாகாது.

2008 முதல் இலங்கையில் புகைப்பரிசோதனைச் சான்றிதழின்றி வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படுவதில்லை. மூக்கைப் பழிக்குமுன் குழாயைப் பார்ப்பவர் சான்றிதழையும் பெறுவர், கைப்பணத்தையும் காப்பர்.