கையெழுத்து ஏன் சின்னதாகிப் போச்சு?



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் பொருளாளர் அக்காவுக்கு வயது 52. குழுவுக்கு வங்கிக் கணக்கு தொடங்கிய அன்று, கட்டத்தைத் தாண்டி வெளியே போகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டவர். போன வருடம் ஒரு உறுப்பினரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட உள்கடன் தீர்மானம் போட்டு, பணம் எடுக்கப் போனார்கள். "இது உங்க கையெழுத்து இல்லையேம்மா" என்று வங்கியில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். முதல் எழுத்து ஓரளவு சரியாக வந்தது. அடுத்தடுத்த எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் வெறும் கோடாகிவிட்டது. அன்றைக்குப் பணம் எடுக்க முடியவில்லை. கட்டணம் கட்ட அந்தப் பிள்ளையின் அம்மா கம்மலை அடகு வைத்தார்.

அப்புறம் குழுவில் பேச்சு கிளம்பியது. "வேணும்னே பண்றாங்க." "கணக்குல ஏதோ கோளாறு இருக்கு, அதான் கை வரல." வீட்டிலும் ஏச்சுதான். இட்லி மாவு கரைக்கவே அரை மணி நேரம் ஆகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கேட்டால் பதில் முணுமுணுப்பாக வருகிறது என்று.

நாங்களும் யோக்கியம் இல்லை. கூட்டத்தில் அக்கா முகத்தை 'உர்'ரென்று வைத்துக்கொண்டு, சிரிக்காமல், கண்கூட அதிகம் சிமிட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பொருளாளருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, ஆள் மாற்றலாம்" என்று எங்கள் பார்வைக் குறிப்பில் எழுதி வைத்தோம். அது தப்பு. அந்த அக்காவுக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய். நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பார்கள். இந்த நோயில் முகத்தின் தசையே இறுகிப் போகும். உள்ளே சிரிப்பு இருந்தாலும் முகத்துக்கு வராது.

இதைக் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். ஒரு வருடமாக வலது தோள் வலி என்று எலும்பு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவ முகாமுக்கு வந்தபோது, அவர் நடந்து வருவதைப் பார்த்தே டாக்டர் கேட்டார்: "நடக்கும்போது இடது கை வீசுது, வலது கை ஏன் வீச மாட்டேங்குது?" அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

மூளைக்குள் ஒரு மதகு

நாம் ஒரு சொம்புத் தண்ணீரை எடுக்கிறோம். கை நீள வேண்டும், விரல் மடங்க வேண்டும், தோள் தூக்க வேண்டும். வேண்டாத அசைவு எல்லாம் அடங்கியிருக்கவும் வேண்டும். இதை யாரும் யோசித்து யோசித்துச் செய்வதில்லை. பூக் கட்டுகிற அக்கா ஊர்க்கதை பேசிக்கொண்டே நாலு முழம் கட்டிவிடுவார். இப்படிப் பழகிய வேலையைத் தானாக ஓட்டித் தருவதில் பெரிய பங்கு, மூளையின் அடியில் ஆழத்தில் இருக்கிற சில நரம்பு முடிச்சுகளுக்கு உண்டு. டாக்டர்கள் 'பேசல் கேங்லியா' என்பார்கள்.

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு எப்போதும் மூடியேதான் இருக்கும். யார் வயலுக்கு முறையோ அதற்கு மட்டும் திறக்க வேண்டும். பேசல் கேங்லியாவும் அப்படித்தான் சும்மா இருக்கும் நேரத்தில் அசைவுகளைத் தடுத்து வைத்திருக்கிறது. அதற்குள் இரண்டு வாய்க்கால். ஒன்று வேண்டிய அசைவுக்கு மதகைத் திறக்கிறது. இன்னொன்று வேண்டாததை அடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நீர்க்கட்டி மாதிரி நின்று வேலை பார்ப்பதுதான் டோபமின் என்ற ரசாயனம். திறக்கிற வாய்க்காலை அது ஊக்குவிக்கும், அடைக்கிற வாய்க்காலைத் தணிக்கும்.

டோபமினைச் செய்து அனுப்புவது நடுமூளையில் உள்ள ஒரு சிறிய பகுதி. வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும், அதனால் கரும்பகுதி என்று பெயர் வைத்தார்கள். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல் என்கிறார்கள். இந்த வேலைக்கு இருப்பது சில லட்சம் மட்டும். பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. பாதிச் செல் போகும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தான் தோள் வலி, சின்ன எழுத்து என்று தெரியவரும்போது உள்ளே பல வருடம் ஓடியிருக்கும்.

டோபமின் குறைந்தால் மதகு சரியாகத் திறக்காது. எழுந்திரு என்று மனசு சொல்கிறது, உடம்பு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அசைவு மெதுவாகும், சின்னதாகும். எழுத்து, குரல், காலடி எல்லாமே சின்னதாவது இதனால்தான். தசையில் வலுவெல்லாம் இருக்கிறது. பக்கவாதத்தில் கை விழுவது வேறு, இது வேறு.

நடுக்கம் என்றாலே இந்த நோய் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் இருக்கும்போது வரும், விபூதியை இரண்டு விரலில் வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்கும். வழக்கமாக ஒரு பக்கம்தான் தொடங்கும். டம்ளரைப் பிடிக்கும்போதும் டீ ஊற்றும்போதும் மட்டும் இரண்டு கையும் நடுங்கினால், அது வேறு வகை நடுக்கமாக இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். நடுக்கமே இல்லாமல் பார்க்கின்சன் வருபவர்களும் உண்டு. நம் அக்காவுக்கு இன்றுவரை பெரிய நடுக்கம் இல்லை, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்னும் சில அறிகுறி வருடக்கணக்கில் முன்னாலேயே வரலாம். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்குத் தகுந்தபடி கத்திக்கொண்டு கை காலை உதைப்பது, காரணம் இல்லாத மனச்சோர்வு. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே இந்த நோய் என்று பயந்துவிடாதீர்கள். மலச்சிக்கல் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது!

டாக்டர் நேரில் நடக்கச் சொல்லி, கையை மடக்கி நீட்டிப் பார்த்துத்தான் இதை முடிவு செய்கிறார். சாதாரண ஸ்கேனில் இந்த நோய் தெரியாது. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அது வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள.

முயலும் பூனைக்காலியும்

இந்த நோயை 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் ஆறு பேரைப் பார்த்து விவரமாக எழுதினார். அவர் பெயரே நோய்க்கு வந்தது. ஆனால் காரணம் தெரிய இன்னும் 140 வருடம் ஆனது. 1957-ல் ஸ்வீடன் நாட்டில் அர்விட் கார்ல்சன் என்ற ஆராய்ச்சியாளர் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். நம் நாட்டு சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்து, பிரஷருக்குப் பயன்படுத்திய மருந்து அது. முயல்கள் காது தொங்கி, அசைவில்லாமல் உறைந்துபோயின. அவற்றுக்கு லெவோடோபா என்ற பொருளை ஊசி போட்டதும் மறுபடி எழுந்து ஓடின. உடம்பு டோபமின் செய்யப் பயன்படுத்தும் மூலப்பொருள்தான் லெவோடோபா. 1960-ல் வியன்னாவில், இந்த நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதை ஹோர்னிகீவிச் என்பவர் கண்டார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் இருக்கிறது. வேலியில் படரும் பூனைக்காலி, பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதன் விதையில் லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு பேர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாரும் விதையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு விதையில் எவ்வளவு இருக்கிறது என்று நம்மால் அளக்க முடியாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும்.

மாத்திரை, சாப்பாடு, நேரம்

டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும். வழியிலேயே அது டோபமினாக மாறி வாந்தி வராமல் இருக்க, கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருகிறார்கள். செத்த செல்லை இது திருப்பிக் கொண்டுவராது, நோயை நிறுத்தாது. ஆனால் அசைவு திரும்பி வரும். நம் அக்கா மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் தானே பின்னல் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

பருப்பு, முட்டை, பால், கறி இவற்றின் புரதம் இந்த மருந்தோடு போட்டி போடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லாவிட்டால் சாப்பிட்டு ஒரு மணிக்குப் பின்னால் போட்டால் நன்றாக வேலை செய்யும். அதற்காகப் பருப்பையே நிறுத்திவிடக் கூடாது. சில வருடம் போனால் மாத்திரையின் வேகம் சீக்கிரம் இறங்கும். அடுத்த வேளைக்கு முன்பே உடம்பு இறுகும். சிலருக்கு மருந்து ஏறியிருக்கும் நேரத்தில் கை, தலை தானாக நெளியும், அதாவது மதகு அதிகமாகத் திறந்துவிட்ட நிலை. இதைப் பார்த்து "மருந்து சேரல" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அளவை மாற்ற டாக்டரால் முடியும், அவரிடம் போங்கள்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற மாத்திரைகளும் உண்டு. ஆசையைத் தூண்டுவதிலும் டோபமினுக்கு வேலை இருப்பதால், இவற்றைச் சாப்பிடும் சிலர் திடீரென்று சூதாடுவார்கள், கண்டதை வாங்குவார்கள், கடன் வாங்குவார்கள். ஒழுங்காக இருந்த மனுஷன் இப்படி மாறினால் சண்டை போடுவதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். எல்லா இறுக்கமும் பார்க்கின்சன் இல்லை. மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின் போன்ற மருந்துகள் டோபமினின் வேலையைத் தடுக்கும். வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் இதே போன்ற இறுக்கமும் நடுக்கமும் வரும். டாக்டர் சொல்லி மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். தலைச்சுற்றல் மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. சின்னப் பிள்ளைக்கோ இளவயதுக்காரருக்கோ நடுக்கம் வந்தால் வில்சன் நோயாகவும் இருக்கலாம். உடம்பில் தாமிரம் சேர்வதால் வருவது, சீக்கிரம் பார்த்தால் மருந்து உண்டு. மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள்.

ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. வயது முக்கியம், சில குடும்பங்களில் பரம்பரை உண்டு. பாராக்குவாட் என்ற களைக்கொல்லியோடு புழங்குபவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மருந்து தெளிக்கும் வீடுகளில் இதை யோசிக்க வேண்டும். ஒட்டுவாரொட்டி இல்லை, செய்வினையும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது

இந்த நோயில் வாசற்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். தரையில் குறுக்காக ஒரு காலடி இடைவெளியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்பும்! "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் சொன்னாலும் நடப்பார்கள். தானாக ஓடும் வழி அடைபட்டாலும், கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் செய்கிற வழி மூளையில் திறந்திருக்கிறது. தினமும் நடை, கையை அகல வீசுவது, சத்தமாகப் பேசிப் பழகுவது எல்லாம் மருந்தோடு சேர்ந்து உதவும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்க்கப்பட்டுள்ளது. மருத்துவ வாரியத்தின் சான்று பெற்று அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் தருவார்கள். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமானால் ஊக்குநரிடம் சொல்லுங்கள்.

நம் அக்காவின் குழுவில் இதையெல்லாம் விளக்கிய கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கம்மலை அடகு வைத்த உறுப்பினர்தான் முதலில் எழுந்து, பொருளாளரை மாற்ற வேண்டாம் என்றார். அப்படியே தீர்மானம் எழுதி, டாக்டர் சீட்டோடு வங்கியில் புது மாதிரிக் கையெழுத்து கொடுத்தார்கள். எங்கள் பழைய குறிப்பையும் அடித்துத் திருத்தினோம். இப்போது வங்கிக்குப் போகும் நாளில் அக்கா பத்து மணிக்கு மாத்திரை போடுகிறார். மருந்து ஏறியதும், பதினொன்றுக்கு மேல்தான் சீட்டில் கையெழுத்து. சீட்டில் கொஞ்சம் இடம் விட்டு இரண்டு கோடு போட்டுக்கொடுத்தால், எழுத்து கோட்டைத் தொடுகிற அளவு பெரிதாகவே வருகிறது.