செவிலித் தாய் சாவித்திரிபாய்

புணே நகரில் குடியேறி வாழும் நம்மவர்களுக்குச் சாவித்திரிபாய் புலே என்னும் பெயர் புதியதன்று. 2014-ஆம் ஆண்டு முதல் இந்நகரத்துப் பல்கலைக்கழகம் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. நம் பிள்ளைகள் பலருடைய பட்டச் சான்றிதழிலும் அப்பெயர் அச்சாகியுள்ளது. 1848-இல் பிடேவாடாவில் கணவர் ஜோதிராவும் அவரும் பெண்களுக்குப் பள்ளி திறந்ததும், பாடம் சொல்லப் போகும் வழியில் அம்மையார்மீது சாணமும் கல்லும் வீசப்பட்டதும் இங்கே பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். ஆதலின் ஆசிரியை என்ற அளவில் அவரைப் பற்றி நான் எழுதப் புகவில்லை. நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்த செவிலியாகவும், தாம் பெறாத பிள்ளைக்குத் தாயாகவும் அவர் வாழ்ந்த வாழ்வே என் நெஞ்சைப் பெரிதும் ஈர்த்தது.

நம் தமிழில் ‘செவிலி’ என்னும் சொல்லுக்கு வாய்த்த சிறப்பை அன்பர்கள் கருதிப் பார்க்க வேண்டும். சங்க இலக்கியத்தில் பெற்ற தாய் நற்றாய். வளர்த்த தாய் செவிலி. இக்காலத்தில் மருத்துவமனையில் நோயாளியைப் பேணும் நர்சையும் அச்சொல்லாலேயே அழைக்கின்றோம். இவ்விரு பொருளும் ஒருவரிடத்தே பொருந்தி நின்றதை நான் சாவித்திரிபாயிடம் காண்கின்றேன். செவிலியர் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் அவர் பெற்றவரல்லர். ரமாபாய் ரானடே அம்மையார் புணேயில் சேவாசதனம் கண்டதும், பெண்கள் அதன் வழியாகச் செவிலியர் பயிற்சிக்குச் சென்றதும் 1909-க்குப் பிற்பட்ட நிகழ்ச்சிகள்.

அக்காலத்தில் உயர்சாதிக் கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளல் ஆகாது. எவனோ ஒருவனுடைய வஞ்சகத்தால் ஒருத்தி கருவுற்றால், அவளுக்குக் கிணறோ குளமோதான் கதி. அல்லது பிறந்த குழந்தையைத் தன் கையாலேயே கொன்றுவிட்டுச் சிறை புக வேண்டும். வஞ்சித்தவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. 1863-ஆம் ஆண்டில் புலே தம்பதியர் தம் இல்லத்திலேயே இத்தகைய பெண்களுக்குப் புகலிடம் ஒன்று திறந்தனர். இரகசியமாக வந்து பிள்ளை பெற்றுச் செல்லலாம். குழந்தையை விட்டுச் செல்லவும் செய்யலாம் என்று அறிவிப்பும் ஒட்டினர். அங்கு 35 பெண்கள் வந்ததாக ஜோதிராவே பிற்காலத்தில் எழுதியுள்ளார். வந்தவர்களுக்கு வெந்நீர் வைத்ததும், பத்தியம் சமைத்ததும், பிறந்த சிசுவைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியதும் சாவித்திரிபாயின் கைகளே. ஜோதிராவ் எழுதினார், பேசினார். இரவில் கண் விழித்தவர் அம்மையார். இதனை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர் என்பது என் குறை.

அவ்வாறு 1874-இல் வந்தவர் காசிபாய் என்னும் பிராமண விதவை. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்திருந்த அவரைத் தடுத்து அழைத்து வந்தார்கள். அவருக்குப் பிறந்த ஆண் மகவைத் தமக்குப் பிள்ளையில்லாத புலே தம்பதியர் யசுவந்த் எனப் பெயரிட்டு மகனாக்கிக்கொண்டனர். படிக்க வைத்து மருத்துவராகவும் ஆக்கினர். 1890 நவம்பரில் ஜோதிராவ் மறைந்தபோது, தத்துப் பிள்ளைக்குக் கொள்ளி வைக்கும் உரிமை இல்லையென உறவினர் வழக்கிட்டனர். அம்மையார் பதில் பேசவில்லை. தீச்சட்டியைத் தாமே கையிலேந்திப் பிணத்தின் முன் நடந்தார். சிதைக்குத் தாமே தீ மூட்டினார். நம் வீடுகளில் பெண்கள் சுடுகாட்டு எல்லைக்கும் போவதில்லை என்பதை நினைத்தால் அதன் துணிவு விளங்கும்.

நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அஞ்சிச் சொன்ன 1876–78 பஞ்சம் சென்னை மாகாணத்தைப் போலவே இப்பகுதியையும் வாட்டியது. அப்போதும் ஊரூராகச் சென்று பட்டினிக் குழந்தைகளுக்குச் சோறிடும் பணியில் அவர் நின்றார்.

எங்கள் ரயில்வேயில் 60 வயதானால் மாலையிட்டு ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுகின்றார்கள். பம்பாயில் 1896-இல் தலைகாட்டிய பிளேக் நோய் புணேயில் பரவியபோது சாவித்திரிபாய்க்கு வயது 66. கணவரும் இல்லை. திண்ணையில் அமர்ந்திருந்தால் குறை சொல்வார் யாருமிலர்.

அந்நோயின் கொடுமை இக்காலத்தவர்க்குச் சொன்னால்தான் தெரியும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும். காய்ச்சல் ஏறிப் பிதற்றல் காணும். சில நாள்களில் பலர் மாண்டுபோவர். 1894-இல் ஹாங்காங்கில் எர்சின் அதன் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆயினும் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியே அது மனிதனுக்கு வருகின்றது என்பதைச் சிமோன் கராச்சியில் கண்டது 1898-இல்தான். தீர்க்கும் மருந்தும் அன்று கிடையாது. இன்றைய ஆன்டிபயாடிக் மருந்துகள் பல்லாண்டுகளுக்குப் பின் வந்தவை. ஆகவே எது தொற்றுகின்றது, எப்படித் தொற்றுகின்றது என்று அறியாமலேயே மக்கள் நடுங்கினர். ரயில் நிலையங்களில் பிரயாணிகளை நிறுத்திக் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தார்கள். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020-இல் கொரோனாவுக்கு எடுத்தாண்டதும் அதே சட்டந்தான். வண்டிகள் நின்றுபோன அந்த நாள்களில் அடுத்த வீட்டில் இருமல் கேட்டால் நாம் கதவைச் சாத்திக்கொண்டதை மறந்துவிடவில்லையே! 1897-இலும் நோயாளியை வீட்டார் ஒளித்து வைத்தனர். சிலர் விட்டுவிட்டு ஊரைக் காலி செய்தனர்.

அம்மையார், பணியிலிருந்த மகன் யசுவந்தை வரவழைத்தார். ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கத்தில், சாசனே குடும்பத்தாரின் தோட்டத்தில், மகன் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கினார். சாசனே குடும்பம் யசுவந்துக்குப் பெண் கொடுத்த குடும்பம். தாய் நோயாளிகளைத் தேடி அழைத்து வந்தார். மகன் மருத்துவம் பார்த்தார். பெற்ற தாயே பிள்ளையைத் தொடத் தயங்கிய காலத்தில், வளர்த்த பிள்ளையை அந்நோயின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய அவருடைய மனம் எப்படிப்பட்டது என்று நான் பன்முறை எண்ணியதுண்டு. கல் நெஞ்சம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒப்பவில்லை. தாம் போகாத இடத்துக்கு அவர் மகனை அனுப்பவில்லை.

முண்டுவா ஊருக்குப் புறத்தே இருந்த மகார் குடியிருப்பில் பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்பவரின் மகனுக்கு நோய் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. ‘தீண்டத்தகாதவர்’ என ஒதுக்கப்பட்ட சாதி; அதன் மேல் பிளேக்கும். தூக்கி வருவார் யாருமில்லை. 66 வயது மூதாட்டி அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு ஹடப்சர் நிலையத்துக்கு வந்து சேர்த்தார்.

சிறுவன் பிழைத்தான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்மையாரை அந்நோய் பற்றிக்கொண்டது. 1897 மார்ச்சு 10-ஆம் நாள் இரவு அவர் காலமானார். அவ்வளவு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவருக்குக் கடைசியில் அருகே இருக்கப் பலர் இல்லை என்றாலும் வியப்பில்லை. ஊர் அப்படிக் கலைந்து கிடந்தது. சில நாள்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைப் பிடித்துச் செல்லத் தொடங்கினர். அதனால் எழுந்த கொதிப்பில் பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டு ஜூன் மாதம் சுடப்பட்டார். அந்தக் கதையைத்தான் எல்லாரும் சொல்கின்றார்கள்.

கஞ்ச் பேட்டையில் புலே தம்பதியர் வாழ்ந்த வீடு நினைவுச் சின்னமாகப் பேணப்படுகின்றது. விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் சென்று பார்க்கலாம். முற்றத்தில் நின்றால் பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்கள் நுழைந்த வாயில் எதுவாக இருக்கும் என்று என் மனையாள் கேட்டாள். எனக்கும் அதே எண்ணம். ஹடப்சருக்குத் தனியே போக வேண்டுவதில்லை. சென்னைக்குச் செல்லும் வண்டி புணேயை விட்டுச் சிறிது நேரத்தில் ஹடப்சர் நிலையத்தைக் கடக்கும். முண்டுவா அதன் அருகேதான்.