கடைத்தொகுதியும் சிறு வியாபாரிகளும்

இலண்டன் மாநகரின் தென்பகுதியில், எலிஃபன்ட் அண்டு காசில் என்னுமிடத்தில், 1965-ஆம் ஆண்டு பெரியதொரு கடைத்தொகுதி திறக்கப்பட்டது. ஒரே கூரையின்கீழ் பல கடைகள் என்பது அந்நாளில் அங்கே புதுமை. பிற்காலத்தில் தென் அமெரிக்காவிலிருந்து குடியேறியோர் பலர் அதனுள்ளும் சுற்றிலும் உணவுக்கடையும் துணிக்கடையும் வைத்துப் பிழைத்தனர்.

அதனை இடித்து 979 வீடுகளும் புதுக்கடைகளும் கல்லூரிக் கட்டடமும் எழுப்பும் திட்டம் சதர்க் நகரசபையின் பரிசீலனைக்கு வந்தது. 2018 ஜனவரியில் கூடிய திட்டக்குழு உடன்படவில்லை. ஏழைகளுக்கு ஏற்ற வாடகையில் எத்தனை வீடுகள், வெளியேறும் வியாபாரிகளுக்கு என்ன வழி என்பனவே பெருங்கேள்விகள். கேள்விகள் நியாயமானவை என்றே நாம் கருதுகிறோம். சிறுகடைக்காரருக்கு வாடிக்கையாளரே மூலதனம். நான்கு தெரு தள்ளிப் போனாலே அது கரைந்துவிடும். சங்க விற்பனை நிலையத்தை இடம் மாற்றிப் பார்த்த அங்கத்தினர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

திட்டத்தார் சலுகைகளைக் கூட்டி மீண்டும் வந்தனர். நகரசபை வாடகை அளவில் 116 வீடுகள் தருவதாக ஒப்பினர். ஜூலையில் சிறு வாக்கு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பாளர் நீதிமன்றம் சென்றும் பயனில்லை.

2020 செப்டம்பரில் தொகுதி மூடப்பட்டது. அருகிலேயே தற்காலிகக் கடைகள் அமைத்தனர். ஆயினும் பழைய வியாபாரிகள் எல்லோருக்கும் அங்கே இடம் கிட்டவில்லை.